மோன்-த-மார்சான்: காவல் கோபுரத்தில் குடியிருக்கும் இரண்டு சிற்பிகள்

வியாழன் இரவு, பாரிஸ்

நாளை காலை மோன்-த-மார்சான் கிளம்புகிறேன். பிரான்ஸின் தென்மேற்கு மூலையில், லாந்து மாவட்டத்தின் தலைநகர். சுமார் 30,000 பேர் வாழும் ஊர். இங்கே பாரிஸில் இருக்கிற நம் ஆட்களிடம் சொன்னால் "அங்கே என்னப்பா இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். விமானப் படைத் தளம் இருக்கிறது, ரக்பி இருக்கிறது, ஜூலையில் மாதலேன் திருவிழாவும் காளைச் சண்டையும் உண்டு, 1976லும் 1977லும் அந்தக் காளை அரங்கத்திலேயே பங்க் இசை விழா நடத்தியிருக்கிறார்கள். நான் போவது இது எதற்காகவும் இல்லை.

ஊருக்கு நடுவே லகதாய் என்று ஒரு காவல் கோபுரம் நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1968 முதல் அது அருங்காட்சியகம். அந்த ஊரிலேயே பிறந்த இரண்டு சிற்பிகளின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள்: ஷார்ல் தெஸ்பியோ, 1874இல் பிறந்தவர்; ரொபேர் வ்லெரிக், 1882இல் பிறந்தவர். எட்டு வருட இடைவெளியில் இவ்வளவு சின்ன ஊரில் இரண்டு பெரிய சிற்பிகள்.

தெஸ்பியோ செய்த தலைகளைப் பாரிஸ் அருங்காட்சியகங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்திருக்கிறேன். பக்கத்து அறையில் மத்தீஸோ பிக்காசோவோ காத்துக்கொண்டிருக்கும், கூட்டம் அந்தப் பக்கம் இழுக்கும், இந்தத் தலை ஒரு ஓரமாகப் பேசாமல் நிற்கும். பத்துப் பதினைந்து தலைகளை ஒரே கூரையின் கீழ், அதுவும் அவர் பிறந்த ஊரிலேயே பார்த்தால் எப்படி இருக்கும் என்ற ஆசை ரொம்ப நாளாக உண்டு.

வெள்ளி

மோன்பர்னாஸில் அதிவேக ரயில் ஏறினால் போர்தோ இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். போர்தோவில் அக்கா மகள் சேர்ந்துகொண்டாள். கட்டடக் கலை படிக்கிறாள், "கோபுரம்னா நானும் வர்றேன் மாமா" என்று ஒற்றை வரியில் செய்தி அனுப்பியவள். அங்கிருந்து வட்டார ரயில்.

போர்தோவைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பைன் மரம் தொடங்கும், அப்புறம் பைன் மட்டும்தான், ஜன்னலில் மணிக்கணக்காக ஒரே மாதிரி நேர் நேர் வரிசை. இது தானாக வளர்ந்த காடு இல்லை, ஏறக்குறைய முழுக்க மனிதர் நட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வரைக்கும் இந்த இடமெல்லாம் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் பொட்டல் மேய்ச்சல் நிலம். இடையர்கள் பொய்க்கால் கட்டிக்கொண்டு அந்தச் சேற்றில் ஆடு மேய்த்தார்கள். 1857இல் ஒரு சட்டம் வந்தது: ஊராட்சிகள் நிலத்து நீரை வடித்து மரம் நட வேண்டும். பொது மேய்ச்சல் நிலம் தனியார் கைக்குப் போனது, இடையர் வாழ்க்கை முடிந்தது, பிசினும் மரமும் பணமாயின. 2009 ஜனவரியில் கிளாவுஸ் புயல் இந்தக் காட்டில் பெரும் பகுதியைச் சாய்த்துப் போட்டது. மரங்கள் பல இடங்களில் இன்னும் இளசாகத்தான் நிற்கின்றன, ஏன் என்பது இதைத் தெரிந்துகொண்டால் புரியும்.

தெஸ்பியோ, வ்லெரிக் இருவரும் பிறந்தபோது இந்தக் காடு இளங்காடு. பொய்க்கால் இடையர்களை நேரில் பார்த்த கடைசித் தலைமுறைகளில் ஒன்று அது.

மாலை நாலு மணிக்கு ஊர். பையை அறையில் போட்டுவிட்டு நேராக ஆற்றங்கரை. தூஸ், மிது என்ற இரண்டு ஆறுகள் ஊருக்குள்ளேயே சேர்ந்து மிதூஸ் ஆகின்றன, பெயரையும் இரண்டும் பங்கு போட்டுக்கொண்டன. ஒரு காலத்தில் இங்கிருந்துதான் ஆர்மன்யாக் மது பீப்பாய்களைப் படகில் ஏற்றி, மிதூஸ் வழியாக அதூர் ஆற்றில் இறக்கி, பயோன் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். ரயில் வந்ததும் அந்தத் துறை ஓய்ந்துவிட்டது. 1133 வாக்கில் பியேர் த மார்சான் என்ற பிரபு இந்த ஊரை நிறுவியதே இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கும் நாக்கு போன்ற நிலத்துக்காக. இரண்டு பக்கமும் தண்ணீர், மூன்றாவது பக்கம் மட்டும் மதில் கட்டினால் போதும்.

கோபுரத்தை இன்று வெளியிலிருந்து மட்டும் பார்த்தோம். கோபுரம் என்றதும் ஒல்லியாக வானத்தைக் குத்துகிற மாதிரி நினைத்துக்கொண்டு வர வேண்டாம். இது அகலமான, கனத்த, சதுரக் கட்டடம், உச்சியில் பல் பல்லாக வெட்டிய மேல்மதில். அதற்கும் முந்தைய காலத்து வீடுகள் இரண்டைச் சேர்த்து அரணாக மாற்றியது என்கிறார்கள். நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன், மருமகள் சுவரில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய் நின்றாள்.

"மாமா, இங்க வாங்களேன். கல்லுக்குள்ள கிளிஞ்சல்."

நிஜம்தான். சுவர் முழுக்கக் கிளிஞ்சல் கலந்த சுண்ணாம்புக்கல். விரல் நகம் அளவில், பாதி உடைந்து, வரி வரியாக, விளிம்பு மட்டும் வெளியே நீட்டியபடி ஆயிரக்கணக்கான சிப்பிகள். தடவினால் கையில் கரகரவென்று மஞ்சள் தூள் ஒட்டுகிறது. ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கே கடல் இருந்தது. இந்த ஊரின் பழைய வீடுகள், மொபெக் தெருவில் இருக்கும் அரண் வீடுகள், எல்லாம் இதே கல்தான். மாலை வெயில் பட்டால் தேன் நிறம்.

இந்தச் சுவர்களுக்கு நல்ல நினைவுகள் மட்டும் இல்லை. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் நடந்த மதப் போர்க் காலத்தில், 1569இல், கத்தோலிக்கப் படைத் தலைவன் பிளேஸ் த மோன்லூக் இந்த ஊரைத் தாக்கிப் பிடித்து, காவல் படையை வெட்டிச் சாய்த்தான். 1583இல் நவார் மன்னன் ஆன்றி, பின்னாளில் பிரான்ஸுக்கே அரசனான நாலாம் ஆன்றி, இதே ஊரை எதிர்பாராத நேரத்தில் வந்து கைப்பற்றினான். இவ்வளவுக்கும் பிறகு இன்னும் நிற்கிறது என்பதே பெரிசு. மதில் பெரும்பாலும் போய்விட்டது, இந்தக் கட்டடம் தப்பியது.

இரவு கார்பூர் சாப்பிட்டோம். முட்டைக்கோஸ், வெள்ளை பீன்ஸ், வாத்துக் கறி எல்லாம் போட்டு நீண்ட நேரம் கொதிக்க வைத்த சூப். அக்டோபர் குளிருக்கு இதமாக இருந்தது.

சனி

இன்று முழு நாளும் கோபுரத்துக்குள்.

உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிவது சுவரின் கனம். ஜன்னல் இருக்கும் இடத்தில் சுவர் ஒரு சின்ன அறை அளவுக்கு உள்வாங்குகிறது, வெளிச்சம் அந்தச் சந்து வழியாகப் பக்கவாட்டில்தான் வந்து விழுகிறது. ஓவியத்துக்கு இது சரிப்படாது. சிற்பத்துக்கு இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. தலைக்கு மேலிருந்து சமமாக விளக்குப் போட்டால் முகம் தட்டையாகிவிடும். பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் கன்னத்து எலும்பு, மூக்கு ஓரம், கீழ் இமை என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து வருகிறது. சின்ன மேகம் போனாலே முகம் மாறுகிறது.

தெஸ்பியோவின் அப்பாவும் தாத்தாவும் சுவர்ப் பூச்சுக் கொத்தனார்கள், பிளாஸ்டர் வேலை குடும்பத் தொழில். பதினேழு வயதில், 1891இல், உதவித் தொகையோடு பாரிஸ் போனார். படிப்பு முடிந்தும் வருமானம் இல்லை, அஞ்சல் அட்டைகளுக்கு வண்ணம் தீட்டிப் பிழைத்தார். 1907இல் 'போலெத்' என்ற இளம்பெண்ணின் மார்பளவுச் சிலையைக் காட்சிக்கு வைத்தார். அதைப் பார்த்த ரோதான், அப்போது பிரான்ஸின் மிகப் பெரிய சிற்பி, தன்னிடம் வேலைக்கு வரச் சொன்னார். 1914 வரை ரோதானின் பட்டறையில் பளிங்கு செதுக்கினார்.

ரோதானின் பளிங்குச் சிலைகளைப் பெரும்பாலும் ரோதான் செதுக்கவில்லை. அவர் களிமண்ணில் செய்வார், அதற்குப் பிளாஸ்டரில் அச்சு எடுப்பார்கள், பிளாஸ்டரைப் பார்த்துப் பளிங்கில் கொண்டுவருவது தெஸ்பியோ போன்ற கைவினைஞர்கள். பிளாஸ்டர் உருவத்தின் முக்கிய இடங்களில் புள்ளி வைத்து, கம்பியும் ஊசியும் கொண்ட ஒரு கருவியால் அந்தப் புள்ளிகளின் ஆழத்தை அளந்து, கல்லில் அதே ஆழத்துக்குத் துளையிட்டு, மிச்சக் கல்லைக் கழிப்பார்கள். கையில் வேலை இருக்கும், சொந்தக் கருத்துக்கு இடம் இருக்காது. ஏழு வருடம் இன்னொருவர் கையெழுத்தில் எழுதிய மனிதர் தன் சொந்தக் கையெழுத்தை இழக்காமல் வெளியே வந்தார் என்பது எனக்கு அவருடைய சிலைகள் அளவுக்கே பெரிய விஷயம்.

இங்கே ஒரு பிளாஸ்டர் தலைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். வெண்கலத்தில் தெரியாதது பிளாஸ்டரில் தெரிகிறது. காதுக்குப் பின்னால், அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில், மெல்லிய கோடு மேடாக ஓடுகிறது. சுரண்டி எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். நெற்றியிலும் கன்னத்திலும் தோல் வழவழப்பாக இல்லை, பட்டாணி அளவு களிமண் உருண்டைகளைக் கட்டைவிரலால் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அழுத்தின தடம் கிட்டே போனால் அப்படியே இருக்கிறது. மூன்று அடி பின்னால் வந்தால் அது அத்தனையும் கரைந்து உயிருள்ள தோல் ஆகிவிடுகிறது. இடது கண்ணும் வலது கண்ணும் ஒரே உயரத்தில் இல்லை. வாயின் ஒரு ஓரம் லேசாகக் கீழே. அழகுபடுத்தவே இல்லை. ஆனால் அந்தப் பெண் அழகாக இருக்கிறாள்.

தெஸ்பியோ மெதுவாக வேலை செய்பவர் என்று பெயர் பெற்றவர். ஒரு தலைக்கு எத்தனையோ அமர்வுகள், உட்கார்ந்தவர்கள் பொறுமை இழப்பார்களாம். ஆன் மாரோ லிண்ட்பர்க், அட்லாண்டிக்கைத் தனியாகத் தாண்டிய விமானி லிண்ட்பர்க்கின் மனைவி, எழுத்தாளர், அவருடைய தலையையும் 1939 வாக்கில் செய்தார். அந்தக் காலத்துப் பாரிஸில் சிற்பிகள் முகத்தை உடைத்துக் கொண்டிருந்தார்கள், முட்டை வடிவமாக்கிக் கொண்டிருந்தார்கள், இரும்பை வளைத்துக் கொண்டிருந்தார்கள். அதெல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷியை மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருப்பதும் அதே அளவு துணிச்சல்தான் என்பது என் கட்சி.

மருமகள் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுச் சொன்னாள்: "யாருமே நம்மைப் பார்க்கலை மாமா. எல்லாரும் ஏதோ யோசனையில இருக்காங்க."

சரியாகச் சொன்னாள். ரோதானின் உருவங்கள் உங்களைப் பிடித்து இழுக்கும், இவருடைய உருவங்கள் நீங்கள் வந்ததையே கண்டுகொள்ளாது.

மதியச் சாப்பாடு முடிந்து மறுபடி உள்ளே போனபோது வ்லெரிக்குக்காகப் போனேன். தெஸ்பியோவைப் பார்க்க வந்தவன், வ்லெரிக்கிடம் மாட்டிக்கொண்டேன். இவர் துலூஸில் படித்துவிட்டுப் பாரிஸ் வந்து லூசியன் ஷ்னெக் என்ற சிற்பியைச் சுற்றியிருந்த குழுவில் சேர்ந்தார். தெஸ்பியோவும் அதே குழுதான். எல்லாரும் ரோதானை மதித்தவர்கள், ஆனால் ரோதானின் கொந்தளிப்பு வேண்டாம், அமைதியும் கட்டுமானமும் வேண்டும் என்று நினைத்தவர்கள்.

1911இல் வ்லெரிக் செய்த 'லாந்துச் சிறுமி'யைப் பார்த்தால் இரண்டு பேருக்கும் உள்ள வேறுபாடு உடனே தெரியும். தெஸ்பியோ முகத்துக்குள் போகிறார். வ்லெரிக்குக்கு முகமும் உடம்பின் ஒரு பகுதி, கழுத்து எப்படித் தோளில் நிற்கிறது, தோள் எப்படி மூச்சைத் தாங்குகிறது என்பதில்தான் அவருக்கு அக்கறை. அவர் செய்த முழு உருவப் பெண்கள் இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றி நிற்கிறார்கள். எடை எந்தக் காலில் இருக்கிறது, அதனால் எந்த இடுப்பு ஏறியது, அதற்கு ஏற்ப எந்தத் தோள் இறங்கியது, எல்லாம் கணக்காக இருக்கிறது, ஆனால் கணக்குப் போட்ட மாதிரி தெரியாது. மருமகள் இவர் பக்கம். "இவர் கட்டடம் கட்டத் தெரிஞ்சவர்" என்றாள். நான் இன்னும் தெஸ்பியோ பக்கம்தான், ஆனால் காலையில் இருந்த அளவு உறுதியாக இல்லை.

இந்த இரண்டு பேர் மட்டும் இல்லை, 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் மனித உருவத்தை விடாமல் செய்துகொண்டிருந்த பிரெஞ்சுச் சிற்பிகள் பலர் இங்கே சேர்ந்திருக்கிறார்கள். கலை வரலாற்றுப் புத்தகங்களில் அரைப் பக்கம்கூடக் கிடைக்காதவர்கள். அவர்களுக்கு ஒரு வீடு இருக்கிறது என்பதற்காகவே இந்த ஊர் நகராட்சியைப் பாராட்ட வேண்டும்.

மேலே ஏறினால் மொட்டை மாடி. ஓட்டுக் கூரைகள், ஆறுகள், அதற்கு அப்பால் நாலு பக்கமும் காடு.

ஞாயிறு

நேற்று எழுதாமல் விட்ட ஒன்றை எழுத வேண்டும்.

1941 இலையுதிர் காலத்தில், பாரிஸ் ஜெர்மன் பிடியில் இருந்தபோது, நாஜி அரசின் அழைப்பில் பிரெஞ்சுக் கலைஞர்கள் சிலர் ஜெர்மனியைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். ஓவியர்களில் தெரேன், விளாமென்க், வான் தோங்கன், சிற்பிகளில் லாந்தோவ்ஸ்கி, பெல்மொந்தோ. தெஸ்பியோவும் போனார். அடுத்த ஆண்டு ஹிட்லரின் அபிமானச் சிற்பி ஆர்னோ பிரேக்கருக்குப் பாரிஸ் ஓரான்ஜெரி அருங்காட்சியகத்தில் பெரிய கண்காட்சி நடந்தது, பிரேக்கரைப் பற்றித் தெஸ்பியோ பெயரில் ஒரு புத்தகமும் வந்தது. அதே 1942 ஜூலையில்தான் பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் பிரெஞ்சுப் போலீஸ் 13,000 யூதர்களுக்கு மேல் பிடித்துக்கொண்டு போனது. அந்த ஆண்டுதான் யூதச் சிற்பி ஷானா ஒர்லோஃப், இதே போல முகங்களைச் செய்தவர், மகனோடு சுவிட்சர்லாந்துக்குத் தப்பி ஓடினார், அவருடைய பட்டறையைச் சூறையாடினார்கள்.

தெஸ்பியோவுக்கு அப்போது வயது 67. வயதைச் சொல்லி இதை ஆற்றிவிட முடியாது. முதல் உலகப் போரில் படைக்கு மறைவேடம் கட்டும் பிரிவில் நாட்டுக்காக வேலை செய்தவர், எதிரே இருப்பவரை அவ்வளவு நேரம் பார்க்கத் தெரிந்தவர், அந்த ஆண்டு எதைப் பார்த்தார்? எனக்குக் கோபம் இருக்கிறது. ஜெர்மன் பிடியிலிருந்து பிரான்ஸ் விடுதலை பெற்ற பிறகு அவர் பெயர் கெட்டது, 1946 அக்டோபரில் இறந்தார், போருக்கு முன் ரோதானுக்கு அடுத்த வரிசையில் வைத்துப் பேசப்பட்டவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சிலிருந்தே போனார். அதற்கு இது மட்டும் காரணம் இல்லை, காலத்தின் ருசியும் மாறியது. இன்றைக்கு அவரைப் பார்க்கப் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும், தெரிந்துகொண்ட பிறகும் போக வேண்டும். இரண்டையும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

காலையில் தூஸ் ஆற்றங்கரையில் இருக்கும் ழான் ரமோ பூங்காவில் நடந்தோம். முதல் உலகப் போரில் இறந்த ஊர்க்காரர்களுக்கான நினைவுச் சின்னமும் தெஸ்பியோ கைவேலைதான். 1920களின் தொடக்கத்தில் செய்தது. இன்னொரு நல்ல விஷயம், இந்த ஊரில் சிற்பம் கோபுரத்தோடு நின்றுவிடவில்லை. தெருவிலும் பாலத்தருகிலும் வெண்கல உருவங்கள் நிற்கின்றன, மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் பையைக் கீழே வைத்துக் கை மாற்றிக்கொள்ளும் தூரத்தில். 1988இலிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் முழுக்கச் சிற்பக் கண்காட்சியும் நடத்துகிறார்கள்.

மதியம் சைக்கிள் எடுத்தோம். பழைய ரயில் தடத்தைச் சைக்கிள் பாதையாக்கி ஆர்மன்யாக் திராட்சைத் தோட்டங்கள் பக்கமாக விட்டிருக்கிறார்கள். வீல்நெவ் வரை போய்த் திரும்பினோம். வழியில் ஆள் நடமாட்டமே இல்லை. அக்டோபரில் காட்டுப் புறாக்கள் தெற்கே வலசை போகும் பருவம், ஊர் ஆண்கள் பாதிப்பேர் காட்டுக்குள் பெரணி மூடிய மறைவிடங்களில் புறா வேட்டைக்கு உட்கார்ந்திருப்பார்களாம். சிகப்புத் தொப்பிக்காரர் ஒருவர் சைக்கிள் மணி அடிக்காதீர்கள் என்று விரலால் சைகை காட்டினார்.

மாலை ரயிலில் மருமகள் போர்தோவில் இறங்கிக்கொண்டாள். ஆரஞ்சுப்பூ வாசம் வரும் பஸ்தீஸ் கேக் ஒன்றை என் பையில் திணித்துவிட்டுப் போனாள்.

திங்கள், பாரிஸ்

வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் மெட்ரோவில் ட்ரோக்காதெரோ போனேன். அந்தச் சதுக்கத்தின் நடுவில் குதிரை மேல் மார்ஷல் ஃபோஷ் இருக்கிறார், முதல் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கியவர். எல்லாரும் ஐஃபில் கோபுரத்தைப் படம் பிடிக்க இவருக்கு முதுகு காட்டித்தான் நிற்பார்கள், இத்தனை வருடமாக நானும் யார் செய்தது என்று பார்த்ததில்லை. வ்லெரிக் செய்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் கிடைத்த வேலை, அதை முடிப்பதற்குள் 1944இல் இறந்துவிட்டார், உடன் வேலை செய்த ரேமோன் மார்த்தன் முடித்துக்கொடுக்க, 1951இல்தான் இங்கே நிறுத்தினார்கள்.

ஃபோஷ் தலையில் தொப்பி இல்லை. ராணுவத் தளபதியைத் தொப்பி இல்லாமல் வெறுந்தலையோடு குதிரையில் ஏற்றுவதா என்று அப்போது பெரிய சண்டையே நடந்தது. வ்லெரிக் விட்டுக்கொடுக்கவில்லை. கோபுரத்தில் இரண்டு நாள் முன்பு பார்த்த அந்தக் கழுத்து, அந்தத் தோள், அதே ஆள் கைதான். தொப்பி வைத்திருந்தால் நெற்றி நிழலில் போயிருக்கும், கழுத்து எப்படித் தலையைத் தாங்குகிறது என்பது கீழே நிற்கிறவருக்குத் தெரியாமலே போயிருக்கும். வாள் உருவி நீட்டவில்லை, குதிரை முன்னங்கால் தூக்கித் துள்ளவில்லை. இப்போது சொல்கிறேன், மருமகள் கட்சிக்கு மாறிவிட்டேன், இன்று இரவே அவளுக்கு எழுதப் போகிறேன்.

மோன்-த-மார்சான் போக நினைப்பவர்களுக்கு: போர்தோவில் ரயில் மாறும் நேரத்தைக் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், கோபுரத்துக்கு ஒரு முழுப் பகல் ஒதுக்குங்கள், போகும் முன் திறந்திருக்கும் நாளை அருங்காட்சியகத்தில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். கையில் பாரிஸ் மட்டும்தான் இருக்கிறது என்றால் ட்ரோக்காதெரோவில் தொடங்கலாம், செலவு மெட்ரோ டிக்கெட் மட்டும். அடுத்து நான் போகப் போவது பூலோஞ்-பியான்கூரில் இருக்கும் போல் பெல்மொந்தோ அருங்காட்சியகம். தெஸ்பியோவை வழிகாட்டியாக எடுத்துக்கொண்ட சிற்பி, நடிகர் பெல்மொந்தோவின் அப்பா, 1941 ஜெர்மனிப் பயணத்திலும் இருந்தவர். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.